கண்ணில் வந்த கட்டியை மறைக்காதீர்கள், காட்டுங்கள்



கண் இமை வீங்கினால் நம்மவர்கள் உடனே கண்கட்டி என்பார்கள். நாமக்கட்டியை உரைத்துப் பூசுவோம். பெரும்பாலும் சில நாளில் வடிந்துவிடும். ஆனால் வாரக்கணக்கில் வடியாத வீக்கமும், நோவில்லாமல் ஒரு கண்ணை மெல்ல மெல்ல முன்னுக்குத் தள்ளுகிற வீக்கமும், ஒன்றை இரண்டாகக் காட்டும் பார்வையும் வேறு சங்கதி. இவற்றுக்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றில் ஒன்று, கண்குழிக்குள் தங்கிக் கட்டியாகும் புழு. இது அடிக்கடி வரும் நோயல்ல. நேரத்தோடு காட்டினால் பெரும்பாலும் குணமாகும். பிந்தினால் பார்வைக்கே ஆபத்து.

இந்தப் புழுக்களில் மூன்றை நாம் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

முதலாவது, நாயின் உடலில் வாழும் நூல் போன்ற புழு. நாயைக் கடித்த நுளம்பு மனிதரையும் கடிக்கும்போது தொற்றுகிறது. இமையிலோ கண்ணின் வெள்ளைப் பகுதியிலோ கண்குழியிலோ கட்டியாக நிற்கும். சில வேளை இடம் மாறும். இந்த நோய் அதிகம் பதிவான நாடுகளில் இலங்கையும் ஒன்று. பேராசிரியர் ஏ.எஸ். திசாநாயக்க போன்ற நம் நாட்டு ஒட்டுண்ணியியல் அறிஞர்கள் 1960களிலிருந்தே இதைப் பற்றி எழுதினார்கள். சிறு பிள்ளைகளுக்கும் வருகிறது. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. வைத்தியர் சிறு சத்திரசிகிச்சையில் புழுவை எடுத்துவிட்டால் பெரும்பாலும் அத்தோடு முடிந்தது.

இரண்டாவது, நாயின் குடலில் இருக்கும் மிகச் சிறிய நாடாப்புழு. ஆடு, மாடு அறுக்கும் இடத்தில் எறியப்படும் ஈரலையும் நுரையீரலையும் தின்ற நாய்க்கு இது வருகிறது. நாயின் மலத்தோடு வெளியேறும் முட்டை கையிலும் கீரையிலும் தண்ணீரிலும் கலந்து நம் வாய்க்கு வருகிறது. நீர் நிறைந்த கட்டி பெரும்பாலும் ஈரலிலும் நுரையீரலிலும் வளரும். அரிதாகக் கண்குழியில் வளரும். இதை உடையாமல் எடுக்க வேண்டும். உள்ளே இருக்கும் நீர் சிந்தினால் உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமை வரலாம். கட்டி மீண்டும் முளைக்கவும் கூடும்.

மூன்றாவது, பன்றி நாடாப்புழுவின் குஞ்சு. பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டுக் கண் வைத்தியர்கள் நன்கு அறிந்த நோய் இது. பன்றி இறைச்சி தின்றவர்களுக்குத்தான் வரும் என்று நினைப்பது தவறு. குடலில் புழு உள்ள ஒருவரின் மலத்திலிருந்து வரும் முட்டை உணவிலோ தண்ணீரிலோ சேர்ந்தால், இறைச்சியே தொடாதவருக்கும் வரும். கண்ணை அசைக்கும் தசையில் இருந்தால் புழு மருந்தோடு வீக்கம் குறைக்கும் மருந்தும் சேர்த்துக் கொடுத்து, பல வேளைகளில் சத்திரசிகிச்சை இல்லாமலே குணமாக்குகிறார்கள். கண்மணிக்கு உள்ளேயே இருந்தால் கதை வேறு. அங்கே புழு மருந்தால் செத்த புழு கடும் அழற்சியை உண்டாக்கிக் கண்ணைக் குருடாக்கிவிடலாம். அதற்குச் சத்திரசிகிச்சைதான் வழி.

ஆகவேதான் சொல்கிறோம்: கட்டியைப் பிதுக்காதீர்கள், ஊசியால் குத்தாதீர்கள், கடையில் பூச்சி மாத்திரை வாங்கி நீங்களாகவே விழுங்காதீர்கள். எந்தப் புழு, எந்த இடத்தில் இருக்கிறது என்பதைக் கண் வைத்தியர் ஸ்கேன் எடுத்துப் பார்த்த பிறகே மருந்து. ஆசிரியர்களான நாமும் கவனிக்க வேண்டும். கரும்பலகை எழுத்து இரட்டையாகத் தெரிகிறது என்று சொல்லும் பிள்ளையைச் சாட்டுச் சொல்கிறது என்று அதட்டக் கூடாது.

இத்தனையும் சொல்லிவிட்டு, "சுத்தமாக இருங்கள்" என்று உபதேசம் செய்து முடித்துக்கொள்ள நாம் தயாரில்லை. புழு நோயில் நம் சனத்துக்கு நீண்ட அனுபவம் உண்டு. கடல் தாண்டி வந்த நம் முன்னோரை மண்டபம் முகாமில் நிறுத்திச் சோதித்தார்கள். 1916இல் ரொக்ஃபெல்லர் நிறுவனம் இலங்கைத் தோட்டங்களில் கொக்கிப்புழுவுக்கு மருந்து கொடுக்கத் தொடங்கியது. மருந்து வந்தது. மலசலகூடம் கட்டக் காசு செலவழிக்கத் துரைமார் பின்னடித்தார்கள். மருந்து குடித்தவர்கள் அதே மண்ணில் வெறுங்காலோடு நடந்தார்கள். புழு திரும்பவும் வந்தது. தொழிலாளியின் உடம்புக்கு மட்டும் மருந்து கொடுத்து, அவர் வாழும் இடத்தை அப்படியே விட்டால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

2023இல், மலையகம் 200 நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நம்மவர்கள் நடந்தார்கள். முன்னோர் நடந்த அந்த வழியின் தொடக்கத்தில், மன்னார்த் தீவிலும் கரையிலும், மலையகத்திலிருந்து வந்து குடியேறிய நம் உறவுகள் இன்றும் வாழ்கிறார்கள். அங்கும் கூலி வேலைதான். அங்கும் வாசலில் நாயும் ஆடும்தான். கண்ணைப் பெரிய வைத்தியசாலையில் காட்ட வேண்டுமென்றால் யாழ்ப்பாணத்துக்கோ கொழும்புக்கோ போக வேண்டி வரும். அன்றைய கூலி போகும், பஸ் காசும் போகும். பிந்துவதற்கு அறியாமை மட்டுமா காரணம்?

ஆகவே மன்னாரிலும் மலையகத் தோட்டங்களிலும் நாம் ஒரே குரலில் கேட்க வேண்டியவை இவை. விசர்நாய்த் தடுப்பூசி போட வரும் நாளிலேயே நாய்களுக்குப் பூச்சி மருந்தும் கொடுக்க வேண்டும். இறைச்சி அறுக்கும் இடங்களில் கழிவைப் புதைக்கப் பிரதேச சபை ஆழமான குழி அமைக்க வேண்டும். குடும்பத்துக்கு ஒரு மலசலகூடமும் குடிக்க நல்ல தண்ணீரும் வேண்டும். கண் சிகிச்சைக்குப் போகும் தொழிலாளிக்கும், பிள்ளையைக் கொண்டுபோகும் தாய்க்கும் சம்பளத்தோடு லீவு வேண்டும்.

கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுவதும், கீரையைக் கழுவிச் சமைப்பதும், நாய்க்குப் பச்சை ஈரலைப் போடாமல் இருப்பதும் நம் வேலை. அதை இன்றே தொடங்குவோம். மற்றவை நிர்வாகத்தின் வேலை, அரசாங்கத்தின் வேலை. உங்கள் லயத்திலோ குடியிருப்பிலோ ஒருவருக்குக் கண் வீங்கி வடியாமல் இருந்தால் வைத்தியசாலைக்கு அனுப்புங்கள். லீவு மறுக்கப்பட்டால் அன்றே தோட்டக் கமிட்டித் தலைவரிடம் சொல்லுங்கள்.