எந்தப் பானையில் எடுத்த சோறு?



இம்முறை ஒரு தாயின் கடிதத்தோடு தொடங்குகிறேன். செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்பவர் அவர். "ஐந்தாம் படிவம் படிக்கும் என் மகன், இன்னும் கடைக்கே வராத ஒரு வீடியோ விளையாட்டுக்கு முன்பணம் கட்டச் சொல்கிறான். விமர்சகர்கள் பத்துக்கு ஒன்பது கொடுத்துவிட்டார்களாம். அந்த மதிப்பெண்ணை நம்பலாமா?" என்று கேட்டிருக்கிறார்.

இது சின்ன விஷயம் என்று தள்ளிவிடாதீர்கள். பெரிய நிறுவனங்களின் புதிய விளையாட்டு ஒன்று 60, 70 அமெரிக்க டாலர் விலைக்கு வருகிறது. நம் பணத்தில் இருநூறு வெள்ளியைத் தாண்டிவிடும். 2025 முதல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. மாதத்துக்கு 26 நாள் வேலை என்று வைத்துக்கொண்டால், நாளுக்கு 65 வெள்ளி. ஆக, மூன்று நாள் உழைப்புக்கு மேல் அந்த ஒரு விளையாட்டுக்கே போய்விடுகிறது.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் அடுப்படி சொல்லித்தந்த பாடம். விமர்சகர் செய்வதும் அதுதான். ஆனால் அவர் பதம் பார்த்தது எந்தப் பானை? நாம் கேட்க வேண்டிய கேள்வி அது.

நடந்த கதை ஒன்றைக் கேளுங்கள். போலந்து நாட்டின் சிடி புரொஜெக்ட் நிறுவனம், 2020 டிசம்பர் 10-ஆம் நாள் 'சைபர்பங்க் 2077' என்ற விளையாட்டை வெளியிட்டது. மூன்று நாள் முன்னதாகவே விமர்சனங்கள் வந்துவிட்டன. பெரும்பாலும் பாராட்டு மழைதான். 80 லட்சம் பேர் முன்கூட்டியே பதிவு செய்திருந்ததாக நிறுவனமே அறிவித்தது.

ஆனால் விமர்சகர்களுக்கு முன்னதாகக் கொடுக்கப்பட்டது கணினியில் ஆடும் பிரதி மட்டுமே. பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் ஆகிய பெட்டிகளுக்கான பிரதி அவர்கள் கைக்கு வரவில்லை. தாங்கள் ஆடியதைப் படம்பிடித்துக் காட்டவும் அப்போது அனுமதி இல்லை. நிறுவனம் தந்த காட்சிகளைத்தான் காட்ட முடிந்தது.

விற்பனை தொடங்கியதும் வண்டவாளம் வெளியே வந்தது. அந்தப் பழைய பெட்டிகளில் படம் நின்று நின்று ஓடியது. ஆட்டம் பாதியில் அறுந்து போனது. ஒரே வாரத்தில் சோனி நிறுவனம் அதைத் தன் பிளேஸ்டேஷன் இணையக் கடையிலிருந்து எடுத்துவிட்டு, வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தர முன்வந்தது. 2021 ஜூனில்தான் அது மீண்டும் அங்கே விற்பனைக்கு வந்தது.

விமர்சகர்கள் பொய் சொன்னார்களா? இல்லை. அவர்கள் பதம் பார்த்த பானை வேறு, நம் பிள்ளைகளுக்குப் பரிமாறிய பானை வேறு.

இன்னொன்று. 2013 மார்ச்சில் வந்த 'சிம்சிட்டி' விளையாட்டை அப்போது இணையத் தொடர்பு இல்லாமல் ஆடவே முடியாமல் இருந்தது. கூட்டம் சேரும் முன்னர் ஆடிப் பார்த்த 'போலிகன்' என்ற விமர்சன இதழ் 9.5 கொடுத்தது. வாங்கியவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் உள்ளே நுழைந்ததும் நிறுவனத்தின் கணினிகள் தாங்கவில்லை. மதிப்பெண் முதலில் 8 ஆனது, பிறகு 4 ஆனது. ஆளில்லாத சடக்கில் கார் ஓட்டிப் பார்த்தவருக்கு நெரிசல் எப்படித் தெரியும்?

விமர்சனம் வெளிவரும் நேரத்தையும் பாருங்கள். 'அசாசின்ஸ் கிரீட் யூனிட்டி' 2014 நவம்பரில் அமெரிக்காவில் நள்ளிரவிலேயே விற்பனைக்கு வந்தது. முன்கூட்டிப் பிரதி பெற்ற விமர்சகர்களோ நண்பகல் வரை வாய் திறக்கக்கூடாது என்று நிபந்தனை. அதற்குள் காசு கைமாறிவிட்டது.

அதற்காக விமர்சனமே வேண்டாம் என்று சொல்லவில்லை. கதை எப்படி, வன்முறை எவ்வளவு, எந்த வயதுக்கு ஏற்றது என்பதை அறிய அது நல்ல துணை. நம் வீட்டுப் பெட்டியில் ஒழுங்காக ஓடுமா என்பதற்கு மட்டும், அதே பெட்டியில் சொந்தக் காசு கொடுத்து ஆடியவர்களின் சொல் வேண்டும். அது கிடைக்க ஒன்றிரண்டு வாரம் பொறுத்தால் போதும்.

தாயே, இணையத்தில் இறக்கும் விளையாட்டு தீர்ந்துபோக அது என்ன அரிசி மூட்டையா? முன்பணம் கட்ட அவசரமே இல்லை. வாங்கும் கடையில் பணம் திரும்பக் கிடைக்குமா என்பதையும் முதலில் கேட்டு வையுங்கள். கணினி விளையாட்டு விற்கும் 'ஸ்டீம்' கடையில், வாங்கிய 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். எல்லாக் கடையிலும் இப்படி இல்லை.

பொறுத்தவர் ஏமாறவும் இல்லை. அந்தச் 'சைபர்பங்க்' பலமுறை பழுது பார்க்கப்பட்டு, 2023-இல் வந்த பெரிய திருத்தத்துக்குப் பிறகு நல்ல பெயர் எடுத்தது. விலையும் முதல் நாள் விலையாக இருக்கவில்லை.

மகனிடம் "முடியாது" என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொள்ளாதீர்கள். "எந்தப் பெட்டியில் ஆடிப் பார்த்து எழுதினார்கள் என்று கண்டுபிடித்து எனக்குப் படித்துக் காட்டு. வெளிவந்து இரண்டு வாரம் போகட்டும், பிறகு பேசுவோம்" என்று சொல்லுங்கள். உங்கள் மூன்று நாள் உழைப்பின் மதிப்பு அவனுக்கும் புரியும். நீங்கள் மறுக்கவில்லை என்பதும் புரியும்.

அடுத்த இதழில் சந்திப்போம்.