பட்டியலில் இருக்கிறார், ஊரில் இல்லை

வெள்ளம் வந்தால் ஓடிவர ஆள் கிடைப்பதில் நமக்குப் பஞ்சமே இல்லை. 2015-இல் சென்னை மூழ்கியபோது மீனவர்கள் படகோடு தெருவுக்குள்ளேயே வந்தார்கள். சிக்கல், மழை இல்லாத மாதங்களில்தான். தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2016-இல் தொடங்கிய ‘ஆப்த மித்ரா’ திட்டத்தில் தன்னார்வலருக்கு 12 நாள் பயிற்சி தரப்பட்டது. மிதவை அங்கி, டார்ச், முதலுதவிப் பொருள்கள் அடங்கிய பையும் தரப்பட்டது. நல்ல ஏற்பாடுதான். பயிற்சி பெற்ற பையன் திருப்பூருக்கோ துபாய்க்கோ வேலைக்குப் போய்விட்டால்? பெயர் பட்டியலில் அப்படியே இருக்கும், செல்போனைத்தான் எடுக்க மாட்டான். கருவிகளின் கதையும் இதுதான். 2018-இல் கஜா புயல் அடித்த மறுநாள் காவிரி டெல்டாவில் சாலையெல்லாம் மரம். அறுக்க மெஷின் வேண்டும். மாதக்கணக்கில் சும்மா கிடந்த மெஷினிலோ பழைய பெட்ரோல் பிசினாகி கார்புரேட்டரை அடைத்திருக்கும். கயிற்றை எத்தனை முறை இழுத்தாலும் கிளம்பாது. ஆகவே ஊர் மீட்புக் குழுவுக்குத் தலைவராக நீச்சல் வீரரைத் தேடாதீர்கள் (கரைவேட்டியைத் தேடவே தேடாதீர்கள்). மாதாமாதம் எல்லோருக்கும் போன் போட்டு நச்சரித்து, மெஷினை ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்த்து, நோட்டில் குறித்து வைக்கிற ஆசாமி போதும். அந்தப் பெட்ரோல் காசையாவது ஊராட்சி கொடுக்கட்டும்.