மந்தை என்னும் வசைச்சொல்

சிந்திக்கத் தெரியாதவர்கள் என்று ஒரு கூட்டத்தை ஏச வேண்டுமா? ‘ஆட்டு மந்தை’ என்று எழுதினால் போதும்; நம் இலக்கியச் சூழலில் வேறு விளக்கம் யாரும் கேட்பதில்லை. இந்த உவமையைக் கையாள்பவர்களில் எத்தனை பேர் ஒரு வெள்ளாட்டோடு அரைநாளாவது கழித்திருக்கிறார்கள் என்று நாம் கேட்க விரும்புகிறோம். தலைகுனிந்து முன்னதன் பின்னே செல்வது செம்மறியின் இயல்பு. அதையும் மடமை என்பது அநியாயம்தான். ஆனால் வெள்ளாட்டையும் அதோடு சேர்த்து ஏசுவது வெறும் அறியாமை.

போடிநாயக்கனூரிலிருந்து முந்தலைக் கடந்து ஏலமலைக்கு ஏறும் வழியில், சரிவுகளில் வெள்ளாடு மேய்வதைப் பார்த்தவர்கள் இந்த உவமையை எழுதத் தயங்குவார்கள். அது பின்னங்கால்களில் நின்று கிளையை எட்டும். ஒரு செடியில் ஒரு வாய், அடுத்ததில் ஒரு வாய் என்று தேர்ந்து தின்னும். இந்தத் தேர்வை நம் முன்னோர் அறிந்திருந்தார்கள். ஆடு தொடாத இலை என்பதால்தான் ஆடாதோடைக்கு அப்பெயர் என்பார்கள். ஆடுதின்னாப்பாளை என்று இன்னொரு மூலிகை உண்டு. ஆட்டின் மறுப்பை வைத்துச் செடிக்குப் பெயரிட்ட மொழியில் ஆடு முட்டாளானது எப்படி?

நம் மொழியை நம்பாதவர்கள் லண்டனையாவது நம்பலாம். குயின் மேரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட ஆய்வில், கயிற்றைப் பல்லால் இழுத்துப் பின் நெம்புகோலை முகத்தால் தூக்கினால் மட்டுமே தீனி தரும் பெட்டியை 12 ஆடுகளுக்கு வைத்தார்கள். 9 ஆடுகள் அதைக் கற்றுக்கொண்டன. பத்து மாதம் கழித்தும் மறக்கவில்லை. 2016இல் வெளியான மற்றோர் ஆய்வில், திறக்க முடியாத பெட்டியை வைத்தபோது, நாயைப் போலவே ஆடும் உதவி கேட்பதாக மனிதரின் முகத்தைத் திரும்பிப் பார்த்தது. போடிச் சரிவில் ஆடு வளர்க்கும் பெண்ணிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்.

மேற்கு ஆப்பிரிக்கக் குள்ள ஆடுகளின் வழிவந்த ‘பிக்மி’ ஆடுகளை மேலை நாடுகளில் செல்லப்பிராணியாக வளர்க்கிறார்கள். அவற்றின் துள்ளலைக் காணொளியில் பார்த்து உருகுபவர்கள் நம்மிடையேயும் உண்டு. உருகட்டும், அழகுதான். ஆனால் குட்டையான ஆட்டுக்குப் பள்ளையாடு என்ற சொல் நம்மிடமே இருப்பதையும், அதே குறும்பும் அதே கூர்மையும் அதற்கும் உண்டு என்பதையும் அவர்கள் அறிந்ததாகத் தெரியவில்லை. மேலும், ஆட்டின் அறிவை உண்மையாகவே மதிப்பவர் அதை மாடிவீட்டில் ஒற்றையாகக் கட்டிவைக்க மாட்டார். துணையில்லாத ஆடு கத்திக் களைக்கும். நாம் ஏளனம் செய்யும் அந்த மந்தைதான் அதன் அறிவு வாழும் இடம்.

வெட்டித் தின்னும் பிராணிக்கு இவ்வளவு வக்காலத்தா என்று கேட்பார்கள். நாம் புலால் மறுப்பைப் பேசவில்லை. ஆடு வளர்க்கும் எளிய வீடுகளில் குட்டிக்குப் பெயர் வைக்கிறார்கள். பள்ளிக் கட்டணமோ மருத்துவச் செலவோ வரும்போது அதையே விற்கிறார்கள். விற்பது யாரை என்று அவர்களுக்குத் தெரியும். அதனால்தான் அன்று அந்த வீட்டில் சோறு இறங்குவதில்லை. அவர்களுக்குத் தேவைப்படாத பொய், தராசில் தொங்கும் கறியை மட்டுமே கண்ட நமக்குத் தேவைப்படுகிறது. அறிவற்றது என்று சொல்லிவிட்டால் எதற்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை அல்லவா?

2017இல் காளைக்காக மெரினாவில் ஓர் ஊரே திரண்டது. ஆட்டுக்கு யாரும் திரள வேண்டாம். கி. ராஜநாராயணன் ‘கிடை’ எழுதிய, பெருமாள்முருகன் 2016இல் ‘பூனாச்சி’ எழுதிய மொழியில், அவற்றைப் படித்தவர்களாவது இந்த வசையைக் கைவிடலாம் என்றே கேட்கிறோம்.

ஏனெனில் அது ஆட்டோடு நிற்பதில்லை. விடியுமுன்னே ஜீப்புகளில் நெருக்கியடித்துக்கொண்டு ஏலத்தோட்டங்களுக்கு மலையேறும் பெண்களைத் தேர்தல் காலத்தில் ‘வாக்கு மந்தை’ என்று எழுதுவதும் இதே பேனாதான். ஆட்டை அருகிருந்து பாராதவர் அவர்களையும் பார்த்ததில்லை.