30 எக்ஸ் ஜூம்: நிபந்தனைகளுக்கு உட்பட்டது

போன வாரம் நாக்பூரிலிருந்து பழைய சகா ஒருவர் போன் பண்ணினார். எல்.எஃப்.சி.யில் குடும்பத்தோடு கிளம்புகிறாராம். "சார், பாக்கெட்டில் அடங்கணும், தூரத்தில் இருக்கிறதை இழுத்துக் காட்டணும். அப்படி ஒரு கேமரா வாங்கலாமா, இல்லை போனே போதுமா?" என்று கேட்டார். ஒரு வரிக் கேள்விக்கு அரை மணி நேரம் பதில் சொன்னேன். தங்கமணி முறைத்ததால் போனை வைத்தாயிற்று. மிச்சம் இங்கே.

2016-ல், போபாலில் இருந்தபோது, அப்படி ஒரு கேமரா வாங்கினேன். 30 எக்ஸ் ஜூம். கம்பெனி பேர் வேண்டாம், இந்த வகையில் எல்லாமே அண்ணன் தம்பிகள்தான். அது கொடுத்த பெரிய சந்தோஷத்தையும் பெரிய வருத்தத்தையும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் சந்தோஷம். அப்பா கும்பகோணத்தில் சரித்திர வாத்தியாராக இருந்து ரிடையர் ஆனவர். முட்டி வலியால் போபால் வரை வர முடியவில்லை. "சாஞ்சி பக்கத்துலதானே இருக்கே, தெற்கு தோரணத்தோட மேல் உத்தரத்துல சாதகர்ணி பேர் வர்ற கல்வெட்டு ஒண்ணு இருக்கு, அதை எடுத்து அனுப்பு" என்றார். முப்பது வருஷம் சாதவாகனர் பாடம் நடத்தியவர், அந்த எழுத்தைப் பார்த்ததில்லை. தோரணமோ அண்ணாந்து பார்க்கிற உயரம். டிசம்பர் மாதக் காலை வெயிலில், எதிரே இருந்த சுவரில் முழங்கையை ஊன்றிக்கொண்டு எடுத்தேன். பிராமி எழுத்து ஒவ்வொன்றும் தனித்தனியாக விழுந்திருந்தது. ஊரில் டிவியில் போட்டுப் பார்த்துவிட்டு, "எழுத்து கண்ணு முன்னாடி நிக்குதுடா" என்றார். கேமராவுக்குக் கொடுத்த காசு அன்றைக்கே வசூல்.

இப்போது வருத்தம். 2018 பொங்கல் விழாவில் மகள் மேடையில் முதல் முறையாக ஆடினாள். முன்வரிசையில் இடம் கிடைத்தது. "ஜூம் இருக்கே, நமக்கெதுக்கு?" என்று அதை இன்னொரு குடும்பத்துக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, பெருந்தன்மையாகப் பின்னால் போய் உட்கார்ந்தேன். எடுத்தது நூற்றுக்கு மேல். முகம் தெரிகிற படம் ஒன்றுகூட இல்லை. கை கலங்கியிருந்தது, கால் கலங்கியிருந்தது, முகம் மெழுகு பொம்மை மாதிரி வழிந்திருந்தது. அப்பா பார்த்துவிட்டு, "ஆடறது நம்ம பாப்பான்னு நீ சொல்லித்தான் தெரியுது" என்றார். 2020-ல் அவர் போய்விட்டார். பேத்தி ஆடியதை அவர் பார்த்தது அந்தப் படங்களில் மட்டும்தான்.

அதே கேமரா, அதே கை. ஏன் இப்படி?

காமர்ஸ் படித்தவனுக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். 30 எக்ஸ் என்றால் கண்ணுக்குத் தெரிவதைவிட 30 மடங்கு பெரிசு என்று அர்த்தமில்லை. 24 மி.மீ.யில் தொடங்கி 720 மி.மீ. வரை போகிறது, 720-ஐ 24-ஆல் வகுத்தால் 30. அவ்வளவுதான். அந்த 720-கூட பழைய ஃபிலிம் கேமரா கணக்குக்குச் சமமாகச் சொல்லும் எண். உள்ளே இருக்கும் லென்ஸின் நிஜமான குவியத்தூரம் 129 மி.மீ.தான். சென்சார் சுமார் 6.2-க்கு 4.6 மி.மீ., சுண்டு விரல் நகத்தைவிடச் சின்னது. ஃபுல் ஃபிரேம் கேமராவின் சென்சார் பரப்பில் முப்பதில் ஒரு பங்கு. பாக்கெட்டில் அடங்கும் ரகசியம் அதுதான். வெளிச்சம் குறைந்தால் கவிழ்கிற காரணமும் அதுவேதான்.

இன்னொரு கொக்கி. இந்த வகையில் ஜூம் இல்லாதபோது லென்ஸின் திறப்பு எஃப் 3.3 வாக்கில் இருக்கும். முழுக்க இழுத்தால் 6.4, சிலவற்றில் 6.9. சென்சாருக்கு வரும் வெளிச்சம் ஏறக்குறைய நாலில் ஒரு பங்காகிவிடும். அதாவது ஜூம் செய்யச் செய்ய அதிக வெளிச்சம் தேவை, கிடைப்பதோ குறைவு. கேமரா ஐ.எஸ்.ஓ.வை ஏற்றும், படம் புள்ளி புள்ளியாகும், அதை மறைக்க மென்பொருள் மெழுகும். "ஸ்டெபிலைசேஷன் இருக்கே சார்?" என்பீர்கள். அது நம் கை நடுக்கத்தைத்தான் பிடிக்கும், மேடையில் ஆடுகிற பிள்ளையின் கையைப் பிடிக்காது. கல்வெட்டு ஆடாது, வெயிலில் இருந்தது. மகள் ஆடினாள், மங்கலில் இருந்தாள். கதை அவ்வளவுதான்.

அன்றைக்கு முன்வரிசையில் உட்கார்ந்து, ஜூம் அதிகம் இழுக்காமல் எடுத்திருந்தால் இதே கேமராவில் ஓரளவு நல்ல படம் வந்திருக்கும். தப்பு என்னுடையது. கடன் விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வட்டி விகிதம், கீழே எறும்பு எழுத்தில் நிபந்தனை. தினமும் அதையே படித்துக் காட்டுகிற நான், கேமரா டப்பாவில் பெரிய எழுத்தை மட்டும் படித்துவிட்டேன்.

சரி, போனே போதுமா? பக்கத்தில் இருக்கிற மனிதர்கள், சாப்பாடு, ராத்திரி விளக்கு இதற்கெல்லாம் இன்றைய நல்ல போன் இந்தக் கேமராவை ஜெயித்துவிடும். ஆனால் விலை உயர்ந்த போன்களிலும் நிஜமான ஜூம் பெரும்பாலும் 120 மி.மீ. பக்கம்தான். அதற்கு மேல் திரையில் காட்டுகிற 30, 100 எல்லாம் பெரும்பாலும் படத்தை வெட்டிப் பெரிதாக்குகிற வேலை. கோபுரத்து உச்சிச் சிற்பம், ஏரி நடுவில் நிற்கும் பறவை, சஃபாரியில் தூரத்து மான் என்றால் 720-க்குப் பக்கத்தில் போன் வர முடியாது. 2025-ல் பானாசோனிக் டிஇசட்99 என்று இதே 30 எக்ஸில் புதிதாக ஒன்று கொண்டுவந்ததைப் பார்த்தால், இந்த ஜாதி இன்னும் அழியவில்லை என்று தெரிகிறது. ஆனால் முந்தைய டிஇசட்95-ல் இருந்த வியூ ஃபைண்டர் இதில் இல்லை. உச்சி வெயிலில் திரை தெரியாமல், கையை நீட்டிக்கொண்டு 720-ல் எடுத்துப் பாருங்கள், அதன் அருமை புரியும்.

ஆக, நண்பருக்குச் சொன்ன முடிவு இது. எடுக்கப்போவது தூரத்தில் இருக்கிறதா? வெயிலில் இருக்கிறதா? பெரும்பாலும் அசையாமல் இருக்கிறதா? மூன்றுக்கும் ஆமாம் என்றால் தாராளமாக வாங்குங்கள். மேடை, கல்யாண மண்டபம், கோவில் உட்பிரகாரம் என்றால் வேண்டாம். ஜூம் குறைந்தாலும் பரவாயில்லை என்று ஒரு அங்குல சென்சார் உள்ளதைப் பாருங்கள், பரப்பில் நாலு மடங்கு. விலைதான் கடிக்கும்.

வாங்கிவிட்டால் மூன்று விஷயம். முழு ஜூமில் சுவரிலோ தூணிலோ சாய்ந்துகொள்ளுங்கள். ஒன்றுக்கு ஐந்தாக எடுங்கள். தூசியில் திறக்காதீர்கள். நீண்டு சுருங்கும் லென்ஸ் தூசியை உள்ளே இழுத்துக்கொள்ளும். என் கேமராவில் இப்போது எல்லா வானத்திலும் இரண்டு கரும்புள்ளி.

எல்லாவற்றுக்கும் மேலே, நம் பிள்ளை ஆடும்போது முன்வரிசை கிடைத்தால் விட்டுக்கொடுக்காதீர்கள்.

டிஸ்கி: வேறு கேமராவில் வேறு அனுபவம் இருந்தால் பின்னூட்டத்தில் சொல்லுங்கள். நண்பர் இன்னும் வாங்கவில்லை, காத்திருக்கிறார் :)