பிடிச்சு விட்டா புண்ணியமா? - வெயில் காலத்து பாஸ் மீன் கணக்கு

மீனைத் தூண்டிலில் மாட்ட வேண்டியது, பத்து நிமிஷம் இழுத்து விளையாட வேண்டியது, படகுக்குள் தூக்கிப் போட்டு ரெண்டு போட்டோ எடுக்க வேண்டியது, அப்புறம் "போயிட்டு வாடா ராஜா" என்று தண்ணீரில் விட வேண்டியது. அமெரிக்காவில் இதற்கு 'கேட்ச் அண்ட் ரிலீஸ்' என்று பேர். விட்ட பிறகு அவர்கள் முகத்தில் ஒரு திருப்தி தெரியும் பாருங்கள், கோயில் குளத்து மீனுக்குப் பொரி போட்டுவிட்டு வந்த மாதிரி! அந்தத் திருப்தியைக் கொஞ்சம் கலைப்பதுதான் இந்தப் பதிவின் நோக்கம்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மீன் சாப்பிடுகிறவர்கள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை (நானே ரெண்டு துண்டு அதிகமாகக் கேட்கிற ஆள்தான்). மீன் பிடித்துப் பிழைக்கிறவர்கள் மேலும் இல்லை. கோபமெல்லாம், ஜூலை மாத வெயிலில், சாப்பிடும் எண்ணமே இல்லாமல், ஒரே நாளில் இருபது முப்பது மீனைப் பிடித்துப் பிடித்து விட்டுவிட்டு, "நான் ஒண்ணைக்கூடக் கொல்லலையே" என்று மார்தட்டுகிறவர்கள் மேல்தான். கொன்றிருக்கிறீர்கள் சார். கணக்கில் எழுதவில்லை, அவ்வளவுதான்.

எந்த பாஸைச் சொல்கிறேன்? பாஸ் என்பது ஒரே மீனின் பேர் இல்லை. நம்ம கொடுவாவுக்குக்கூட ஆங்கிலத்தில் ஆசியக் கடல் பாஸ் என்றுதான் பேர். அமெரிக்க ஏரிகளில் போட்டி வைத்துப் பிடிப்பது லார்ஜ்மவுத் பாஸ். அது ஓரளவு சூடு தாங்கும். நான் பேசுவது ஸ்ட்ரைப்டு பாஸ் பற்றி. உடம்பில் நீளவாக்கில் கருப்புக் கோடுகள் ஓடும். வசந்த காலத்தில் கடலிலிருந்து ஆற்றுக்கு ஏறி முட்டையிடும். அட்லாண்டிக் கரையில் திரியும் இந்த மீன்களில் பெரும்பகுதி பிறப்பது மேரிலாந்துக்கும் வர்ஜீனியாவுக்கும் நடுவில் கிடக்கும் செசபீக் வளைகுடாவில். மேரிலாந்துக்காரர்கள் செல்லமாக 'ராக்ஃபிஷ்' என்பார்கள். அந்த மாநிலத்தின் அடையாள மீனே இதுதான். அந்தப் பக்கம் வேலைக்குப் போன நம்ம ஆட்களில் தூண்டில் பழகியவர்களும் இதைத் தேடித்தான் போவார்கள்.

சரி, வெயிலுக்கு வருவோம். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகத்தான் கரையும். அதே சூட்டில் மீனின் உடம்பு வேகமாக வேலை செய்யும், அதற்கு ஆக்சிஜன் அதிகமாகத் தேவைப்படும். வரவு குறைவு, செலவு அதிகம். சும்மா இருக்கும்போதே இந்த நிலைமை. இதில் தூண்டிலில் மாட்டி உயிருக்குப் போராடினால் தசையில் லாக்டிக் அமிலம் ஏறுகிறது. ஓடி முடித்த ஓட்டப்பந்தய வீரன் மாதிரி அதற்கு அப்போதுதான் மூச்சு அதிகம் வேண்டும். நாம் என்ன செய்கிறோம்? சரியாக அந்த நேரம் பார்த்து 35 டிகிரி வெயிலில் வெளியே தூக்கி, "இன்னும் கொஞ்சம் மேலே பிடி, முகம் மறைக்குது" என்று போட்டோ எடுக்கிறோம்.

"ஆழத்துக்குப் போய்க் குளிர்ச்சியா இருந்துக்கட்டுமே" என்று கேட்கலாம். செசபீக்கில் அதற்கும் வழியில்லை. வயல் உரமும் நகரக் கழிவும் ஆறுகள் வழியாக வந்து சேர்ந்து பாசி பெருகுகிறது. அந்தப் பாசி செத்து அடியில் மக்கும்போது அங்கிருக்கும் ஆக்சிஜனைத் தின்று தீர்த்துவிடுகிறது. கோடைதோறும் ஆழத்தில் 'டெட் ஸோன்' உருவாகிறது. மேலே போனால் சூடு, கீழே போனால் மூச்சு முட்டல். நடுவில் இருக்கும் கொஞ்சம் இடத்தில்தான் மீன்கள் நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கின்றன. எக்கோ சவுண்டர் வைத்திருப்பவனுக்குக் கொண்டாட்டம்! ஒரே இடத்தில் கூட்டமாகச் சிக்கும். தப்பிக்க இடமில்லாதவனைச் சுற்றி வளைத்துப் பிடிப்பதற்கு வீர விளையாட்டு என்று பேர் வைத்திருக்கிறோம்.

"நான் விட்டதும் நல்லாத்தானே நீந்திப் போச்சு, கண்ணால பார்த்தேனே" என்பார்கள். நீந்திப் போவது ஒரு நிமிஷக் காட்சி. சாவு அதற்குப் பல மணி நேரம் கழித்தும் வரும், சில நாள் கழித்தும் வரும். தூண்டில்காரர் அதற்குள் வீட்டுக்குப் போய் ஏசி போட்டுத் தூங்கியிருப்பார்.

இப்போது எண்களைப் பார்ப்போம். நான் காமர்ஸ் படிக்கிறவன், எண்ணைப் பார்க்காமல் இருக்க முடியாது :-)

அட்லாண்டிக் கரை மாநிலங்களுக்குப் பொதுவான ஒரு மீன்வள ஆணையம் இருக்கிறது. அது சொன்ன கணக்கு இது. 2017-ஆம் ஆண்டில் பொழுதுபோக்குத் தூண்டில்காரர்கள் பிடித்து விட்ட ஸ்ட்ரைப்டு பாஸ் சுமார் 3 கோடியே 80 லட்சம். விட்டவற்றில் 9 சதவீதம் செத்துவிடும் என்பது அவர்கள் வைத்திருக்கும் மதிப்பீடு. அப்படியானால் 34 லட்சம் மீன். அந்த ஆண்டு மனிதனால் போன ஸ்ட்ரைப்டு பாஸ் மொத்தத்தில் இது 48 சதவீதம். அதே தூண்டில்காரர்கள் வீட்டுக்கு எடுத்துப்போய்ச் சாப்பிட்டது 42 சதவீதம். வலை போட்டும் மற்ற வழியிலும் பிழைப்புக்காகப் பிடிப்பவர்களின் பங்கு, அவர்கள் வீணாக்கியதையும் சேர்த்து, 10 சதவீதம்தான்.

இன்னொரு தடவை படியுங்கள். சாப்பிட்டதைவிட 'காப்பாற்றியது' அதிகமாகச் செத்திருக்கிறது! ஆனால் மீன் குறைந்துவிட்டது என்றதும் எல்லாரும் கை நீட்டுவது யாரை நோக்கி? வலைக்காரனை நோக்கி. விட்டுவிட்டு வந்தவர் நல்லவர், விற்றுச் சோறு தின்றவன் கெட்டவன். நல்லா இருக்கு நியாயம்.

"9 சதவீதம்தானே, 91 பிழைக்குதே" என்பது அடுத்த வாதம். இங்கேதான் கணக்குப் பதிவியல் படித்தவனுக்குச் சிரிப்பு வருகிறது. கடையில் மொத்தக் கடனுக்கும் ஒரே சதவீதத்தில் வராக்கடன் ஒதுக்கீடு வைப்போம். ஒழுங்காகத் தருகிற வாடிக்கையாளருக்கும் அதே சதவீதம், ஊரைவிட்டே ஓடினவனுக்கும் அதே சதவீதம். வருஷக் கடைசிக் கணக்கை மூட அது உதவும். ஆனால் ஓடிப்போனவனுக்கு மறுபடி கடன் கொடுக்கலாமா என்று முடிவு செய்ய உதவாது. இந்த 9-ம் அப்படித்தான். அது 1990-களில் மாசசூசெட்ஸில், உப்புத் தண்ணீரில் நடந்த ஆய்விலிருந்து வந்த எண். மாசசூசெட்ஸ் எங்கே, ஜூலை மாதத்து செசபீக் எங்கே! தண்ணீர் குளிர்ந்து கிடக்கும் மாதத்தில் சாவு குறைவு, சூடு ஏறினால் அதிகம், உப்புக் குறைந்த தண்ணீரில் இன்னும் அதிகம். நவம்பர் மாத மீனின் ஆயுளைக் காட்டி ஜூலை மாத மீனைக் கொல்வதற்குப் பேர்தான் சராசரி.

அதிகாரிகளுக்கு இது தெரியாமல் இல்லை. மேரிலாந்து இயற்கை வளத் துறை கோடையில் கொடி நிறத்தில் எச்சரிக்கை கொடுத்தது. வெப்பம் 90 ஃபாரன்ஹீட்டைத் (32 செல்சியஸ்) தொட்டால் மஞ்சள்: மிகுந்த கவனம் தேவை, காலை 10 மணிக்குள் முடித்துக்கொள்ளுங்கள். 95-ஐத் (35 செல்சியஸ்) தொட்டால் சிவப்பு: இந்த மீனைத் தவிருங்கள். நல்ல யோசனைதான். ஆனால் வெறும் அறிவுரை. சிவப்புக் கொடி பறக்கும்போது போனாலும் யாரும் அபராதம் போட மாட்டார்கள். கோடையில் இரண்டு வாரம் இந்த மீனைத் தேடிப் போகவே கூடாது என்று தடையும் கொண்டுவந்தார்கள், 2020-இல் ஆகஸ்டில், 2021-இல் ஜூலையில். வெயில் என்ன இரண்டு வாரத்தோடு லீவு எடுத்துக்கொண்டு போய்விடுகிறதா?

சட்டத்தில் இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. 2024 முதல் செசபீக்கில் ஒருவர் ஒரு நாளைக்கு வைத்துக்கொள்ளக்கூடியது ஒரே ஒரு மீன், அதுவும் 19 முதல் 24 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். கடுமையான சட்டம், பாராட்டுகிறேன். ஆனால் அந்த ஒன்று கிடைக்கும்வரை எத்தனை பிடித்து விடலாம்? எத்தனை வேண்டுமானாலும். அது கிடைத்த பிறகு? அப்போதும் எத்தனை வேண்டுமானாலும். சாப்பிடுவதற்கு உச்சவரம்பு உண்டு, விளையாடுவதற்கு இல்லை. முதல் தரமான ஒரு மீனைப் பிடித்து, வறுத்துத் தின்றுவிட்டு, தூண்டிலைச் சுருட்டி வைத்துவிட்டுப் போகிறவர் ஒரு மீனைத்தான் கொன்றார். முப்பது பிடித்து முப்பதையும் விட்ட 'கருணை வள்ளல்', அந்த 9 சதவீதக் கணக்கிலேயே கிட்டத்தட்ட மூன்றைக் கொன்றிருக்கிறார். வெயில் நாளில் அதற்கும் மேல். இதில் யார் மீனுக்கு நண்பன்?

எதிர்த்தரப்பில் இரண்டு நல்ல வாதங்கள் இருக்கின்றன, அவற்றை ஒதுக்கிவிட்டுப் போக முடியாது.

ஒன்று, காசு. 1950-இல் வந்த சட்டப்படி தூண்டில் சாமான்கள் மேல் வசூலாகும் வரி, மாநிலங்களின் மீன்வளப் பாதுகாப்புக்குப் போகிறது. "எங்க காசுலதான் மீனே வளருது" என்கிறார்கள். உண்மைதான். ஆனால் வரி கட்டியதற்காக ரோட்டில் எந்த வேகத்திலும் போகலாம் என்று ஆகிவிடுமா?

இரண்டாவது, பிழைப்பு. ஆட்களை ஏற்றிப் போய் மீன் பிடிக்கவைக்கும் சார்ட்டர் படகுக்காரர்களுக்குக் கோடைதான் சீசன். தடை போட்டால் தவணை கட்ட முடியாது. இது நிஜமான வலி. ஆனால் மீனே இல்லாமல் போனால் படகுக்கு என்ன வேலை? 1970-களின் கடைசியில் இதே மீன் சரிந்து, 1985 முதல் 1990 வரை மேரிலாந்து முழுத் தடையே போட வேண்டி வந்தது. ஐந்து வருஷத் தடைக்கு முன்னால் சில வாரத் தடை எம்மாத்திரம்? அந்தத் தடைக்குப் பலனும் இருந்தது. 1995-இல் மீன்வளம் மீண்டுவிட்டது என்று அறிவித்தார்கள். நிறுத்தினால் பிழைக்கும் என்பதற்கு அதே தண்ணீரில் ஆதாரம் இருக்கிறது.

இப்போதைய நிலைமையும் அவ்வளவு சுகமில்லை. 1954-லிருந்து மேரிலாந்து ஒவ்வொரு வருஷமும் குஞ்சு மீன்களை வலை போட்டு எண்ணுகிறது. நீண்டகாலச் சராசரி, ஒரு வலை இழுப்புக்கு 11 குஞ்சுகள் சுமார். 2023-இல் கிடைத்தது 1.0. 2024-இல் 2.0. 2019 முதல் 2025 வரை ஒரு வருஷம்கூடச் சராசரியைத் தொடவில்லை. இதற்கு முக்கியக் காரணமாகச் சொல்லப்படுவது வெதுவெதுப்பான குளிர்காலமும் ஆற்றில் நீர் குறைந்ததும். தூண்டில்காரர்கள் மேல் இந்தப் பழியைப் போட மாட்டேன். ஆனால் வரவு நின்றுபோன வீட்டில் செலவை நிறுத்திவைப்பதுதானே புத்தி?

"அப்போ வெயில் காலத்துல மீனே பிடிக்கக் கூடாதா?" தாராளமாகப் பிடியுங்கள், வேறு மீனை! அதே செசபீக்கில் இருந்தே ரெண்டு பேர் சொல்கிறேன்.

ஒன்று, ப்ளூ கேட்ஃபிஷ். கெளுத்தி மாதிரி மீசை வைத்த பெரிய மீன். தூண்டில் விளையாட்டுக்காகவே 1970-களில் வர்ஜீனியா ஆறுகளில் கொண்டுவந்து விட்டார்கள். இன்று வளைகுடா முழுக்கப் பரவி, கண்டதையும் தின்று தீர்க்கிறது. எவ்வளவு பிடித்தாலும் நல்லது என்கிறது அரசாங்கமே.

இன்னொன்று நம்ம சொந்தக்காரர், விரால்! நம் ஊர் விராலின் பேரினத்தைச் சேர்ந்த ஆசிய மீன் ஒன்று 2002-இல் மேரிலாந்தின் கிராஃப்டன் ஊர்க் குளத்தில் தலைகாட்டியது. நாடே அலறியது, குளத்துக்கு மருந்து வைத்துக் கொன்றார்கள். ஆனால் 2004-இல் போடோமாக் ஆற்றில் கிடைத்தது, அப்புறம் பிடிக்க முடியவில்லை. காற்றையே சுவாசிக்கும் மீனுக்கு வெயிலாவது ஒன்றாவது! கடைசியில் 2024-இல் மேரிலாந்து அதற்கு 'செசபீக் சன்னா' என்று புதுப் பேர் வைத்து, தயவுசெய்து பிடித்துச் சாப்பிடுங்கள் என்கிறது. விரால் குழம்பின் அருமை தெரிந்தவர்களுக்கு அழைப்பு வேறு வேண்டுமா?

ஆக நான் கேட்பது மூன்றே மூன்று. சிவப்புக் கொடி அறிவுரையாக இல்லாமல் சட்டமாக வேண்டும். ஒரு மீன் கிடைத்ததும் அன்றைக்கு பாஸ் வேட்டை முடிந்தது என்று ஆக வேண்டும். சூடு 32-ஐத் தாண்டும் நாளில் தூண்டில்காரரே மனசாட்சிப்படி விராலுக்கோ கெளுத்திக்கோ மாறிக்கொள்ள வேண்டும். முதல் இரண்டுக்கும் ஆணையம் கூட வேண்டும். மூன்றாவதற்கு யார் கையெழுத்தும் தேவையில்லை, நாளைக் காலையிலேயே தொடங்கலாம்.

'மனுஷன் சந்தோஷமா இருந்தா இவனுக்குப் பொறுக்காது' என்று திட்ட வருகிறவர்கள் தாராளமாக வரலாம், பின்னூட்டப் பெட்டி திறந்தே இருக்கிறது. ஒரே ஒரு வேண்டுகோள். அந்த 34 லட்சத்தை எந்தக் கணக்கில் எழுதுவது என்று முதல் வரியில் சொல்லிவிட்டு, அப்புறம் திட்டுங்கள்.