கீழ்த்தளம் யாருடையது?

அடுத்த முறை திருச்சியிலிருந்து தஞ்சாவூர் பஸ் ஏறினால் தயவுசெய்து தூங்கிவிடாதீர்கள். பால்பண்ணை தாண்டியதும் ஜன்னல் வழியே கட்டடங்களின் கீழ்த்தளத்தை மட்டும் கவனித்துக்கொண்டே வாருங்கள். அரியமங்கலம், காட்டூர், திருவெறும்பூர், துவாக்குடி. மூன்று மாடி, நான்கு மாடி எழும்பி நிற்கும். வரைபடத்தில் கார் நிற்க வேண்டிய கீழ்த்தளத்தில் ஷட்டர் இருக்கும். ஷட்டருக்குள் மெத்தை வியாபாரமோ, மொபைல் ரிப்பேரோ நடக்கும். கார் எங்கே? ரோட்டில். பைக் எங்கே? கார் நிற்பதற்கும் கடைப் படிக்கட்டுக்கும் நடுவில். சரக்கு இறக்க வந்த லாரி? அது நீங்கள் உட்கார்ந்திருக்கும் பஸ்ஸுக்கு முன்னால். அதனால்தான் பஸ் நிற்கிறது, ஜன்னல் வழியே நிதானமாகப் பார்க்க உங்களுக்கும் நேரம் கிடைக்கிறது.

இதை 'போக்குவரத்து நெரிசல்' என்கிறோம், ஏதோ மழை, வெயில் மாதிரி. நான் பி.காம். படித்தவன். எனக்கு இது வேறு மாதிரி தெரிகிறது. ஒருவர் கணக்கில் எழுத வேண்டிய செலவை இன்னொருவர் தலையில் எழுதிவிட்டார்கள், அவ்வளவுதான்.

விதி என்ன சொல்கிறது? வணிகக் கட்டடம் கட்டினால், தளப் பரப்புக்கு ஏற்ப வண்டி நிறுத்த இடம் விட வேண்டும், அதுவும் சொந்த மனைக்குள்ளேயே. தமிழ்நாட்டில் இப்போது இருப்பது 2019-ல் வந்த ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள். அதற்கு முன்னாலும் விதி இருந்தது. விதி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. மனையில் எத்தனை மடங்கு கட்டலாம் என்பதற்குத் தளப்பரப்புக் குறியீடு என்று ஓர் அளவு வைத்திருக்கிறார்கள். எஃப்.எஸ்.ஐ. என்றால் பில்டர்களுக்கு உடனே புரியும். முன்பு சாதாரணக் கட்டடத்துக்கு 1.5 இருந்தது, இப்போது 2. தூண்களை மட்டும் நிறுத்திக் கீழே வண்டி விடும் 'ஸ்டில்ட்' தளத்தை இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. அதாவது, 'நீ வண்டி நிறுத்த இடம் விடுகிறாய், அதனால் அந்தப் பரப்பு உன் அளவில் கழியாது' என்று அரசாங்கம் ஒரு சலுகை தருகிறது. சலுகையை வாங்கிக்கொண்டு மேலே முழு அளவுக்கும் கட்டிவிட்டு, அப்புறம் கீழே ஷட்டர் போட்டு வாடகைக்கும் விட்டால் அதற்கு என்ன பெயர்? அட்வான்ஸை வாங்கிக்கொண்டு சரக்கு அனுப்பாத வியாபாரியை மார்க்கெட்டில் என்ன சொல்லித் திட்டுவார்களோ, அதுதான்.

ஒரு சின்னக் கணக்கு. கார் நிற்க இரண்டரை மீட்டருக்கு ஐந்து மீட்டர் இடம் வேண்டும். சுமார் 135 சதுர அடி. பேச்சுக்குச் சதுர அடி வாடகை 50 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கார் இடத்துக்கு மாதம் 6,750 ரூபாய். பத்து கார் இடத்தைக் கடையாக்கினால் 67,500. வருஷத்துக்கு எட்டு லட்சத்துக்கு மேல். எப்போதாவது நோட்டீஸ் வந்து, எப்போதாவது ஒரு அபராதம் விழுந்தாலும் இந்தக் கணக்கு லாபத்தில்தான் முடியும். பேராசை, ஒழுக்கக்கேடு என்றெல்லாம் திட்டிப் பயனில்லை. லாபம் வருகிறது, செய்கிறார்கள்.

இந்த லாபத்தை உறுதிப்படுத்தியவர்கள் யார்? கோட்டையில் மாறி மாறி உட்கார்ந்தவர்கள்தான். 1998-ல் நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 113-ஏ என்று ஒரு பிரிவு நுழைத்தார்கள். 1999 பிப்ரவரி 28-க்கு முன்னால் விதி மீறிக் கட்டியவர்கள் கட்டணம் கட்டிச் சரிசெய்துகொள்ளலாம், ஒரே ஒருமுறைதான் என்றார்கள். அந்த ஒருமுறை நீண்டது, மறுபடி நீண்டது. 2006 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த நீட்டிப்புகளை ரத்து செய்தது. அடங்கினார்களா? 2007-ல் இடிப்பிலிருந்து காப்பாற்ற அவசரச் சட்டம். 2012-ல் 113-சி. இந்த முறை தேதி 2007 ஜூலை 1. ஒழுங்காக இடம் விட்டுக் கட்டிய பக்கத்துக் கடைக்காரர் இதைப் பார்த்து என்ன நினைத்திருப்பார்? 'நாமதான்யா ஏமாளி' என்று நினைத்திருப்பார். அடுத்த கட்டடத்தை அவர் எப்படிக் கட்டுவார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சென்னை தியாகராய நகரில் இதன் முழு வடிவத்தைப் பார்த்தோம். 2008 செப்டம்பரில் ரங்கநாதன் தெருவில் ஒரு பெரிய கடையில் தீப்பிடித்து இரண்டு ஊழியர்கள் இறந்தார்கள். 2011 அக்டோபர் 31-ம் தேதி அந்த வட்டாரத்தில் பல கடைகளுக்கு சீல் வைத்தார்கள். இரண்டே மாதம், பொங்கலுக்கு முன் உச்ச நீதிமன்றம் வரை போய் தற்காலிகமாகத் திறந்துவிட்டார்கள். காலி இடம் என்பது வண்டிக்கு மட்டுமில்லை சார், தீயணைப்பு வண்டிக்கும்தான்.

திருவெறும்பூருக்கு வருவோம். 2011 வரை அது பேரூராட்சி, அப்புறம் திருச்சி மாநகராட்சியோடு சேர்த்துவிட்டார்கள். பக்கத்தில் பெல், துப்பாக்கித் தொழிற்சாலை, துவாக்குடி சிட்கோ. பெல்லை நம்பி இயங்கும் பட்டறைகளுக்கு இரும்புத் தகடு ஏற்றிய ட்ரெய்லர் வரும். கடைகளுக்கு குட்டியானை வரும். கல்யாண மண்டபத்துக்குச் சமையல் பாத்திரம் வரும். சாதாரண ரோடு இல்லை இது, தேசிய நெடுஞ்சாலை. பால்பண்ணை முதல் துவாக்குடி வரை பதினாலரை கிலோமீட்டருக்கு சர்வீஸ் ரோடு கேட்டு ஊர்க்காரர்கள் போராடியதும், நிலம் போகும் என்று வியாபாரிகள் எதிர்த்ததும், கோர்ட்டு, மறியல் என்று அது வருஷக்கணக்கில் இழுத்ததும் ஊரறிந்த கதை. எனக்கு சர்வீஸ் ரோடு வேண்டும் என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் ஒரு கேள்வி. கடை வாசலில் லோடு இறக்கும் பழக்கம் அப்படியே இருந்தால், புது சர்வீஸ் ரோடு எத்தனை நாளைக்கு ரோடாக இருக்கும்? மக்கள் வரிப்பணத்தில் கடைகளுக்குப் போட்டுக் கொடுத்த நீளமான பார்க்கிங்தானே அது?

(எறும்பீஸ்வரர் குடியிருக்கும் ஊர் இது. தேவர்கள் எறும்பாக வந்து கும்பிட்டார்கள், அவர்கள் ஏறுவதற்காக சுவாமி புற்றாக மாறித் தலை சாய்த்துக்கொடுத்தார் என்பது தல புராணம். எறும்புகூட சுமையை வழியில் போடாமல் புற்றுக்குள் கொண்டுபோய்த்தான் இறக்கும்.)

'அமெரிக்காவில் பார்க்கிங் கட்டாயத்தையே எடுத்துவிட்டார்களே' என்று சில நண்பர்கள் சொல்வார்கள். உண்மைதான். டொனால்ட் ஷூப் என்ற பேராசிரியர் 2005-ல் தடிமனாக ஒரு புத்தகம் எழுதினார். கட்டாய பார்க்கிங்கின் செலவு கார் இல்லாதவன் தலையிலும் விழுகிறது என்றார். பஃபலோ நகரம் 2017-ல் அந்தக் கட்டாயத்தை நீக்கியது. கார் விஷயத்தில் எனக்கும் அந்த வாதத்தில் பாதி சம்மதம். அப்படியென்றால் விதியைச் சட்டசபையில் வைத்து வெளிப்படையாக மாற்றுங்கள், எஃப்.எஸ்.ஐ. சலுகையையும் கூடவே எடுங்கள். சலுகை மட்டும் இருக்கட்டும், கடமை வேண்டாம் என்றால் எப்படி? ஜப்பானில் 1962-லேயே சட்டம் போட்டார்கள். வண்டி நிறுத்த இடம் இருக்கிறது என்று போலீஸிடம் சான்று வாங்கினால்தான் அங்கே கார் வாங்க முடியும்.

கார் இல்லாமல்கூடக் கடை நடத்தலாம். வாடிக்கையாளர் பஸ்ஸில் வருவார், நடந்து வருவார். சரக்கு நடந்து வராது. ஆனால் நம் ஊரில் பார்க்கிங் பற்றிப் பேசுகிற அளவுக்கு லோடு இறக்கும் இடம் பற்றி யாரும் பேசுவதில்லை. காந்தி மார்க்கெட்டைப் பாருங்கள். நெரிசலைக் குறைக்க கள்ளிக்குடியில் 77 கோடி ரூபாயில் புது மார்க்கெட் கட்டி 2017-ல் திறந்தார்கள். கடை சிறியது, ஊர் தூரம் என்று வியாபாரிகள் போக மறுத்தார்கள். 2025 மே மாதம் பஞ்சப்பூரில் பஸ் முனையத்தோடு கனரக வாகன முனையமும் திறந்தார்கள். நல்ல காரியம். ஆனால் முனையத்தில் லாரி தூங்கலாம், குளிக்கலாம். சரக்கைக் கடை வாசலில்தானே இறக்க வேண்டும்?

நூறு, இருநூறு சதுர அடியில் டீக்கடை, பூக்கடை வைத்திருப்பவர் மேல் எனக்கு வழக்கில்லை. அவர் எங்கே போய் பார்க்கிங் விடுவார்? நான் கேட்பது நான்கு மாடிக்காரர்களை. இன்றைக்குப் பெரிய வணிகக் கட்டடத்துக்குப் பணி நிறைவுச் சான்று இருந்தால்தான் மின் இணைப்பு. நல்ல ஏற்பாடு. ஆனால் சான்று ஒரு நாள் சமாச்சாரம், ஷட்டர் மறுநாள் வந்துவிடுகிறது. பட்டாசுக் கடைக்கு லைசென்ஸைப் புதுப்பிக்கிற மாதிரி, வருஷா வருஷம் கீழ்த்தளத்தைப் போய்ப் பார்த்துச் சான்றைப் புதுப்பித்தால் என்ன? அங்கீகரித்த கீழ்த்தள வரைபடத்தைக் கடை வாசலிலேயே ஒட்டச் சொன்னால் என்ன?

அதுவரை நீங்களே கேட்கலாம். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, தகவல் உரிமைச் சட்டப்படி மாநகராட்சிக்கு ஒரு மனு. உங்கள் தெருமுனைக் கட்டடத்தின் கீழ்த்தளத்துக்கு எதற்காக அனுமதி தந்தீர்கள் என்று ஒரே ஒரு கேள்வி. முப்பது நாளில் பதில் தர வேண்டும். மூன்றாம் நபர் விவரம் என்று மறுத்தால் மேல்முறையீடு செய்யுங்கள். ரோடு உங்களுடையது, அந்த வழக்கில் மூன்றாம் நபர் நீங்கள் இல்லை.