பழுது பார்க்குமுன் பழமையை அறிவோம்

"பழைய கட்டடம் இடிந்தால் இடியட்டும், புதிதாகக் கட்டிக்கொள்ளலாம்" என்பர் சிலர். "பழுது பார்க்கக் கொத்தனார் போதாதா, வரலாற்று ஆராய்ச்சி எதற்கு?" என்பர் வேறு சிலர். இவ்விரு கூற்றும் தவறு என்பதற்குச் சென்னைச் சேப்பாக்கம் அரண்மனையே சான்று.

ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜாவுக்காக 1768-இல் எழுந்த மாளிகை அது. 1855-இல் கர்நாடக நவாப்களில் கடைசியானவர் வாரிசின்றி இறக்கவே, அது ஆங்கிலேயர் வசமாயிற்று. கலச மகாலுக்கும் உமாயூன் மகாலுக்கும் இடையே கட்டடக் கலைஞர் இராபர்ட் சிஷோம் ஒரு கோபுரம் எழுப்பினார். உமாயூன் மகாலின்மேல் ஒரு மாடியும் கட்டினார். பின்னர் அங்கே அரசு அலுவலகங்கள் இயங்கின.

2012 சனவரி 16 அன்று கலச மகாலில் தீப்பற்றியது. கூரை சரிந்தது. தீயை அணைக்கச் சென்ற அதிகாரி ஒருவர் உயிர் நீத்தார். ஆயினும் அம்மகால் இடிக்கப்படவில்லை, சீரமைக்கப்பட்டது. இன்று அங்கே தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு நடைபெறுகிறது.

இத்தகைய பணியில் வரலாறு எவ்வாறு உதவும்? நோயாளியின் முன்கதையைக் கேளாமல் மருத்துவர் மருந்து தருவாரா? பழஞ்சுவர் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்டது. அது உள்ளே ஏறும் ஈரத்தை வெளியே விடும். அதை அறியாமல் சிமெண்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிச் செங்கல் உதிரும். தேக்குச் சட்டங்களின்மேல் சிறு செங்கற்களைச் செங்குத்தாக அடுக்கிய 'மதராஸ் டெரஸ்' தளத்தையும் அதன் முறை அறிந்தே செப்பனிட வேண்டும். பழைய வரைபடங்களும் நிழற்படங்களும் இல்லையேல், எது நவாப் காலத்தது, எது சிஷோம் சேர்த்தது, எது நேற்று எழுப்பிய தடுப்புச் சுவர் என்று எப்படிப் பிரித்தறிவது? தடுப்புச் சுவரை அகற்றலாம், கோபுரத்தை அகற்றலாமா?

ஆகவே அரசுக் கட்டடம் எதுவாயினும், சாரம் கட்டுமுன் ஆவணங்களைத் தேடுவதற்கென்று காலமும் பணமும் ஒதுக்க வேண்டும் என்பதே என் கருத்து. அது வீண் செலவன்று; வீண் செலவைத் தடுக்கும் செலவு.

தோழியரே, நமக்கும் இதில் பங்கு உண்டு. வீட்டுப் பெட்டியில் கிடக்கும் பழைய புகைப்படத்தைக் குப்பை என்று எறியாதீர்கள். அதன் பின்புறம் இடத்தையும் ஆண்டையும் எழுதி வையுங்கள். தாத்தா பாட்டியிடம் கேட்டால் சொல்வார்கள். நாளை ஒரு சுவர் நிமிர்ந்து நிற்க அச்சிறு படமே துணையாகலாம்!